நான் மட்டும்

ஆறாம் நம்பர் மெத்தையில் கண் சொக்கிய நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது.

பதினேழு வருடமாகப் போனை எடுத்தே பழகிய கை, தூக்கத்திலும் எடுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடி தலைமாட்டில் கிடந்தது. அது இல்லாமல் அவருக்கு எல்லாமே கலங்கல். போனை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படித்தார். உங்கள் இணையப் பக்கத்தில் ஒருவர் ஒரு படம் சேர்த்திருக்கிறார், அதை எந்தக் கதவில் வைக்கலாம் என்று கேட்டிருந்தது. என்ன படம் என்று தெரியவில்லை. யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது. கொடுத்து வைத்தவன், யாராக இருந்தால் என்ன. 'நான் மட்டும்' என்ற கதவு இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாக விரலால் அழுத்தினார். போன் நன்றி சொன்னது. அவர் புரண்டு படுத்தார்.

ஆபீசில் அவருக்குப் 'பொறுமை' என்று பெயர். வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை. மெஷின் சுற்றவில்லை என்று திட்டுவார்கள். சுற்றுவது நிற்கவில்லை என்று திட்டுவார்கள். ஒரு ஜோடி காலுறை போட்டேன், ஒற்றைதான் திரும்பி வந்தது என்று ஒருவர் நாற்பது நிமிடம் திட்டினார். எல்லோருக்கும் அவர் ஒரே குரலில், "புரியுது சார், உங்க கஷ்டம் புரியுது" என்பார். உண்மையில் சில மாதமாக அவருக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். தூக்கம் வருகிறது.

வீட்டில் தூங்கினால் என்ன என்று கேட்பவர்கள் அவர் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாவுக்குக் காது மந்தம். அவருக்காக வைக்கிற டிவி தெருமுனை வரைக்கும் செய்தி வாசிக்கும். மகன் டிரம்ஸ் பழகுகிறான். மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போடுகிறார், மூன்று வருடமாகப் போடுகிறார், அங்கே இன்னும் சுவர் என்று ஒன்று மிச்சம் இருப்பதே ஆச்சரியம். சரி, லீவு போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போன நேரத்தில் தூங்கலாம் என்றால், லீவு போட்ட ஆளுக்கு வீட்டில் இருக்கிற மரியாதை தெரிந்ததுதானே. போன முறை ஒரு நாள் லீவு போட்டார். குழாய் மாற்றினார், பரண் ஒழித்தார், அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தார். சாயந்திரம் மனைவி அவரைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு நாளாவது ரெஸ்ட் எடுத்தீங்களே" என்றாள். பாவம், அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அவளுடைய சாதாரண நாளோடு ஒப்பிட்டுச் சொன்னாள்.

அதனால் இந்தப் புதன்கிழமை அவர் இரண்டு பொய் சொன்னார். ஆபீசுக்குப் போன் செய்து இடுப்புப் பிடிப்பு, எழுந்திருக்க முடியவில்லை என்றார். வீட்டில் வழக்கம்போல டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன் என்றார். இரண்டுக்கும் நடுவில் இருந்த மெத்தைக் கடையில் ஏறிவிட்டார்.

அந்தக் கடை வாசலில் 'வாங்கும் முன் படுத்துப் பாருங்கள், நேரக் கணக்கு இல்லை' என்று ஒரு பலகை உண்டு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு வருடமாக அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறார். மாடியில் எட்டு மெத்தை, கால்மாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், வெள்ளை விரிப்பு, கனத்த திரை. விற்பனையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். விற்கிறவன் மெத்தையில் உட்காரக் கூடாது என்று முதலாளி உத்தரவாம், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே மெத்தை விற்கிறார். அசதி அசதியை அறியும். அவர் பொறுமையின் கண்ணைப் பார்த்தார், விலை எதுவும் சொல்லவில்லை.

"ஆறாம் நம்பர்ல படுங்க சார். ஜன்னல் பக்கம். மத்தியானம் வெயில் வராது."

படுப்பதற்கு முன் ஒரு அட்டை நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், விலாசம், இணையப் பக்கத்தின் முகவரி. கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரியும் பக்கத்தில் கட்டங்களும் இருந்தன. பதினேழு வருடமாக, "எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டுக் கையெழுத்து போட்டுருங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்து போட்டார்.

பத்து மணிக்குப் படுத்தவர், பன்னிரண்டுக்கு மறுபடி விழித்தார். கழிவறைக்குப் போகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் போனையும் பார்த்தார்.

படத்தில் அவரே இருந்தார். கழுத்து வரை வெள்ளைப் போர்வை, அகலத் திறந்த வாய். 'கவலை இல்லாத உறக்கம், எங்கள் கடையில், எங்கள் வாடிக்கையாளர்' என்று கீழே வாசகம், கடைப் பெயரோடு. அட்டையின் பொடி எழுத்தில் இதற்கும் சம்மதம் கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. எந்தக் கதவில் இருக்கிறது என்று பார்த்தார். 'வேலை' என்றிருந்தது.

இந்தப் பக்கம் என்கிற சனியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனியில் எல்லோரும் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று போன வருடம் உத்தரவு. உங்களைத் தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் பக்கத்தில் படமோ பேச்சோ சேர்க்கலாம். அதை யார் பார்க்கலாம் என்பது உங்கள் கையில். அதற்கு நாலு கதவு. வீடு, ஊர், வேலை, நான் மட்டும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு வீட்டுக்கு ஒரு முகம், வேலைக்கு ஒரு முகம் வைத்துக்கொள்ளத் தெம்பு இருந்திருக்கும். நம்மவருக்கு ஒரு முகத்தையே கழுவ நேரமில்லை. 'வேலை'யும் 'நான் மட்டும்'மும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, கண்ணாடி தலைமாட்டில் இருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

அவருக்கு வியர்த்துவிட்டது. காரணம் உண்டு. போன மாதம் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் ஒருவர் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டார். மேனேஜர் கத்தவில்லை, மெமோ கொடுக்கவில்லை. ஆறு மாதம் இரவு ஷிப்டில் போட்டுவிட்டார். இரவெல்லாம் போன் எடுத்துவிட்டுப் பகலில் அந்த வீட்டில், அந்த டிவிக்கும் டிரம்ஸுக்கும் துளைக்கும் நடுவில் தூங்க வேண்டும் என்று நினைத்தபோது பொறுமைக்கு அழுகையே வந்தது. ஒரு நாள் தூக்கத்துக்கு ஆசைப்பட்டு ஆறு மாதத் தூக்கத்தைத் தொலைக்கப் பார்த்தார்.

இன்னும் நேரம் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை ஆபீசில் யாராலும் சொந்தப் போனைத் தொட முடியாது. அவர் மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. வேலை ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாம் தெரியும். இவருக்குப் பக்கத்தைத் திறந்து கொடுத்தவனும் அவன்தான். திறந்த கையோடு, மாற்றவும் திருத்தவும் தனக்கும் உரிமை உண்டு என்று 'பங்காளி' என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டுக்கொண்டான். மச்சினனைப் பங்காளி ஆக்குகிற அநியாயம் அந்தத் தளத்தில் மட்டும்தான் நடக்கும்.

ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்று பொறுமை ஆரம்பித்தார். நண்பருடைய பக்கத்தில் ஒரு படம் தவறான கதவில் போய்விட்டது என்றார்.

"அந்த நண்பர் நல்லா வாயைப் பொளந்துட்டுத் தூங்குறாரு மாமா" என்றான் மச்சினன்.

பிறகு எதை மறைப்பது. அக்காவிடம் மட்டும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். அவன் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டான். படத்தை எடுத்துவிடலாமே என்றார். எடுக்கவே கூடாது என்றான். எடுத்தால் 'ஒரு படம் நீக்கப்பட்டது' என்று கதவுக்குள் இருக்கிற எல்லோருக்கும் மணி அடிக்குமாம், பார்க்காதவனும் என்ன படம் என்று கிளறுவானாம். வாசகத்தையும் கடைப் பெயரையும் மட்டும் வெட்டிவிடலாம், அதற்கு மணி கிடையாது.

"வெட்டிட்டேன் மாமா. இனிமே அது வெறும் படம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது." அதோடு விடாமல் ஒரு புத்திமதியும் சொன்னான். "அக்காவைப் பாத்துக் கத்துக்குங்க. அது பக்கத்துலயும் நான்தான் பங்காளி. ஆனா 'நான் மட்டும்'ல என்னமோ ஒண்ணு பூட்டி வச்சிருக்கு, எனக்கே திறக்கல."

தையல் அளவுகளாக இருக்கும் என்று பொறுமை நினைத்துக்கொண்டார். அவள் புதன்கிழமை தோறும் தையல் வகுப்புக்குப் போகிறாள். ஒன்றரை வருடம் ஆகிறது. சட்டைப் பொத்தான் அறுந்தால் மட்டும் இன்னும் அவரேதான் தைத்துக்கொள்கிறார், ஆனால் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

மனம் லேசாகி மறுபடி படுத்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் போன் அதிர ஆரம்பித்து நிற்கவே இல்லை.

வாசகத்தோடு இருந்தவரை அது மெத்தைக் கடையில் தூங்குகிற மனிதனின் படம். வாசகத்தை வெட்டியதும், வெள்ளைக் கட்டிலில் வெள்ளைப் போர்வைக்குள் வாய் பிளந்து கிடக்கிற மனிதனின் படம். பார்த்தவர்கள் பதறிவிட்டார்கள். அடுத்த டெஸ்க்குப் பெண்தான் முதலில் எழுதியிருந்தாள்: 'சார், அட்மிட் பண்ற அளவுக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே.' அதன் கீழே வரிசையாக வந்தார்கள். 'தங்கமான மனிதர்.' 'யார் மனதையும் நோகடிக்க மாட்டார்.' 'நேற்றுகூட என்னோடு டீ குடித்தார், நம்ப முடியவில்லை.' ஒருவர் பழைய குரூப் போட்டோவிலிருந்து பொறுமையின் தலையை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டிருந்தார்.

பொறுமைக்கு முதலில் பயம்தான் வந்தது. ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்தப் பதினேழு வருடத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், முகத்துக்கு நேரே இதில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு லீவே போட்டிருக்க மாட்டார்.

அழக்கூட விடவில்லை அந்தப் போன். பதினாலு பேர் ஆளுக்கொன்று சேர்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் எந்தக் கதவு, எந்தக் கதவு என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அதிர்ந்தது. புகார் டெஸ்க்கே தேவலை. கடைசியில் 'எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்' என்று ஒரு வழி கண்ணில் பட்டது. தொட்டார். கதவுக்கு ஒன்றாக நாலு கட்டம் வந்தது. பழகிய கை, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டது.

வீட்டுக் கதவும் திறந்துகொண்டது என்பது, மனைவியிடமிருந்து போன் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆபீசில்தான் என்றார். நீங்கள் படுத்திருக்கிற படம் வந்திருக்கிறதே என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் சோறே இல்லாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆபீசில் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது என்றார். யாராவது ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும், தன்னைப் படுக்க வைத்துவிட்டார்கள், மற்றவர்கள் ஆறுதல் எழுதிப் பழகுகிறார்கள் என்றார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே அது நம்பும்படி இல்லை.

மறுமுனையில் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"தலகாணி ரெண்டு வச்சிருக்கா?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணை எடுத்துட்டுப் படுங்க. கழுத்து வலிக்கும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பொறுமை ஒரு தலையணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கழுத்துக்கு இதமாகத்தான் இருந்தது. நடிப்புக்குப் படுத்தாலும் கழுத்து வலிக்கக் கூடாது என்று கவலைப்படுகிற மனைவியிடம் இப்படிப் புளுகுகிறோமே என்று நெஞ்சு குத்தியது. சாயந்திரம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். சொன்னால், நீங்கள் மட்டும்தான் களைத்துப் போனீர்களா என்று கேட்பாள்.

ஒரு மணிக்கு மேனேஜர் எழுதினார். எந்த ஆஸ்பத்திரி, ஆபீஸ் முடிந்ததும் பார்க்க வருகிறேன்.

மறுபடி மச்சினன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிறார்களே என்று பொறுமை கிட்டத்தட்ட அழுதார். இதெல்லாம் ஒரு விஷயமா என்றான் அவன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று போட்டுவிட்டால் ஆஸ்பத்திரிப் பேச்சே எழாது. யோசித்துச் செய், நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் போட்டுவிட்டான். 'இறைவன் அருளால் வீடு திரும்பிவிட்டார். பார்க்க விரும்புவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம்.' கீழே வீட்டு விலாசம், வழி தெரியாதவர்களுக்கு எந்த பஸ் என்பது உட்பட. பங்காளி கையில் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், அது மச்சினனாக இருந்தாலும்.

மேனேஜர், 'ஐந்தரைக்கு வருகிறேன்' என்று பதில் போட்டார்.

இனி வேறு வழியில்லை. ஐந்தரைக்குள் வீட்டில் நோயாளியாகப் படுத்திருக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார். நடிக்கப் படுத்த இடத்தில் நிஜமாகவே இடுப்புப் பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு வருகிறேன் என்றார். சரி என்றாள். மேனேஜர் பார்க்க வருகிறார் என்றார். சரி என்றாள். அவர் முன்னால் அந்த முதலுதவிப் பயிற்சியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, அது கம்பெனி ரகசியம் என்றார். அதற்கும் சரி என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தொடர்ந்து மூன்று விஷயத்துக்குச் சரி சொன்னதே இல்லை. போனையும் கண்ணாடியையும் சுருட்டிக்கொண்டு ஆறாம் நம்பரிலிருந்து எழுந்து ஓடினார். படியில் நின்றிருந்த விற்பனையாளர், "மெத்தை பிடிச்சிருந்ததா சார்?" என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வீட்டில் மனைவி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கட்டிலில் சுத்தமான விரிப்பு, ஸ்டூலில் தைல பாட்டில், மாத்திரை அட்டை, ஒரே ஒரு தலையணை. மகனை நண்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அப்பாவின் டிவியைக்கூட எப்படியோ நிறுத்தியிருந்தாள். இவ்வளவு அமைதி இந்த வீட்டில் இருக்க முடியும் என்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். அவள் முகம்தான் வாடியிருந்தது. தையல் வகுப்பு எப்படி இருந்தது என்று பேச்சுக்குக் கேட்டார்.

"இன்னிக்கு நடக்கல" என்றாள் அவள். "போயிட்டுத் திரும்பி வந்தேன்." போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

மேனேஜர் ஐந்தரைக்குப் பழப்பையோடு வந்தார். தனியாகத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அருகில் பார்த்தால் அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்தது. இடுப்பைப் பற்றி நாலு வார்த்தை கேட்டார், பொறுமை நாலு முனகல் முனகினார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் மேனேஜர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தார்.

"இது எந்த ஆஸ்பத்திரி? இவ்வளவு சுத்தமா இருக்கு. என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணும், அதான் கேக்குறேன்."

அவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடப் பொறுமை எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இப்படி நல்ல எண்ணத்தோடு கேட்கிற கேள்விக்கு அவரிடம் பொய் இருப்பில் இல்லை. ஒரு பெயரைச் சொன்னால் மாமியாரோடு போய் நிற்பார். சொல்லாவிட்டால் இரவு ஷிப்ட். வாய் திறந்தது, படத்தில் இருந்த மாதிரியே திறந்தபடி நின்றது.

மனைவிதான் பேசினாள்.

"அது சின்ன இடம் சார். ஆபரேஷன் எல்லாம் கிடையாது, படுக்க மட்டும்தான். தெரிஞ்சவங்க மூலமாத்தான் போக முடியும். இவருக்கு ஆறாம் நம்பர் பெட் கிடைச்சது."

"நல்லாப் பாத்துக்குவாங்களா?"

"ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க சார். படுக்கணும்னா படுக்க விட்டுருவாங்க. யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க, அது எங்க, இது எங்கன்னு கேக்க மாட்டாங்க." அவள் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டாள். "எனக்கே பொறாமையா இருந்துச்சு."

மேனேஜர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு இடமா" என்று மெதுவாகச் சொல்லி, பெருமூச்சு விட்டுப் போனை உள்ளே வைத்தார். எழுந்தவர், நாளைக்கும் நாளன்றைக்கும் ஆபீஸ் பக்கமே வரக் கூடாது என்று பொறுமைக்கு உத்தரவு போட்டார். லீவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாசலில் ஷூ மாட்டும்போது மனைவியிடம், இவர் மாதிரி ஒரு ஆள் கம்பெனிக்குக் கிடைக்காது, நல்லாத் தூங்கட்டும் என்று சொன்னது கட்டில் வரை கேட்டது.

கதவு சாத்தியதும் பொறுமை எழுந்து உட்கார்ந்தார். தப்பித்துவிட்டார். இரவு ஷிப்ட் இல்லை, அதற்கு மேல் இரண்டு நாள் லீவு. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மனைவி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள், அவர் பக்கம் திரும்பவில்லை. முதலுதவிப் பயிற்சி என்று நம்பியவள் எதற்காக ஆஸ்பத்திரி என்று பொய் சொல்ல வேண்டும். நம்பாதவள் எதற்காகத் தன்னைக் காப்பாற்ற வேண்டும். ஆறாம் நம்பர் என்று எப்படிச் சொன்னாள் என்பதை மட்டும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள்.

"இங்க பாரு" என்றார். "எனக்காக ஏன் பொய் சொன்னே?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அழைப்பு மணி அடித்தது.

மேனேஜர் எதையோ மறந்துவிட்டார் என்று பொறுமை அவசரமாகப் படுத்துப் போர்வையை இழுத்தார். மனைவி கதவைத் திறந்தாள். போர்வை விளிம்புக்கு மேலாகப் பார்த்தவருக்கு உயிர் போய் வந்தது. மெத்தைக் கடை விற்பனையாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் பொறுமையின் டிபன் பாக்ஸ். அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அடப்பாவி மனிதா, நாள் முழுக்க நின்ற காலோடு இதற்காகவா மாடி ஏறி வந்தாய்.

மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சினார். விற்பனையாளர் அவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சங்கடமாக.

"இது உங்க வீடாம்மா?" என்றார், டிபன் பாக்ஸை அவள் கையில் கொடுத்துக்கொண்டே. "வாராவாரம் தவறாம வர்றவங்களை இன்னிக்கு வாசலோட திருப்பி அனுப்பினதுல எனக்கு மனசே சரியில்ல, ஆனா உங்க ஆறாம் நம்பர்ல இந்த சார் வந்து படுத்துட்டாரு."